மூணாந்தரம் சொல்லாத அப்பாவுக்கு

நம்ம கடலோரத்துக் கடப்புறம் முழுக்கக் கேட்கும் தொண்டை கொண்ட என் அப்பாவுக்கு,

முதலில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். "என்னது?"

நாகர்கோவில் வடசேரியில் புதிதாகத் திறந்திருக்கிற ராமென் நூடுல்ஸ் கடையில், காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து அப்படிக் கேட்டாள். கோபமாக ஒன்றும் இல்லை. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

நாம் இரண்டு பேரும் நாலு ராமென் கடைக்குப் போயிருக்கிறோமே அப்பா. நாலு கடையிலும் நான்தானே ஆர்டர் சொன்னேன். ஒரு ஆள்கூட என்னிடம் "என்னது?" என்று கேட்டதில்லையே! அது ஏன் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை.

இன்னொரு தடவை சொன்னேன். மறுபடியும் "என்னது?" நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நம்ம சர்ச்சில் போடுகிற பங்கு மலரில் உங்களுக்காக ஒரு பக்கம் தந்திருக்கிறார்கள். அப்பாவுடைய குரலைப் பற்றி எழுது மக்கா என்று சொன்னார்கள். எல்லாருக்கும் உங்க குரல்தான் நினைவு. முப்பது வருஷம் நம்ம கரையில் மீன் ஏலம் விட்ட குரல். நீங்க "ஒரு தரம்" என்றால் கோயில் வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும். அந்த வீட்டில்தான் வாய் திறந்தால் காற்று மட்டும் வருகிற பிள்ளையாக நான் பிறந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நான் நின்றேன், சத்தம் வரவில்லை, வகுப்பு சிரித்தது. அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, அப்படியே நின்றுபோனேன். அம்மா அழுதாள். நீங்க மட்டும் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் போனில் நான் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெரிய கிண்ணத்தில் நூல்நூலாக உறிஞ்சிச் சாப்பிடுகிற வீடியோ. நீங்க பின்னால் வந்து நின்றீங்க.

"என்னட்டி இது, வலை கிழிஞ்ச மாதிரி?"

"ராமென்."

"தின்னுதியா? நாகர்கோவில்ல கெடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போவோம். ஆனா ஒண்ணு. ஆர்டர் நீதான் சொல்லணும்."

அம்மா அடுக்களையிலிருந்து, "இந்த வீட்டுல சோறு இல்லையின்னு ஊருக்குப் பறைஞ்சிட்டு வாங்க ரெண்டுபேரும்" என்றாள்.

நாகர்கோவில் வேப்பமூட்டுக் கடைதான் முதல் கடை. துபாய் ஹோட்டலில் சமையலுக்கு நின்றுவிட்டு வந்த அண்ணன் நடத்துகிற கடை. அவர் வந்து மேசைப் பக்கத்தில் நின்றார். நான் மெனு அட்டையை விட்டு நிமிரவில்லை. நீங்க மேசையில் ஒரு விரலால் தட்டினீங்க. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. ரெண்டு தரம். அதற்கப்புறம் அந்த விரலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டீங்க. மூணாந்தரம் தட்டவே இல்லை. நான் சொல்லி முடித்தேன். அந்த அண்ணன் எழுதிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது.

சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு நீங்க கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினீங்க. "ஏட்டி, இதுல மாசியில்லா கெடக்கு! சூரை மீனை அவிச்சுப் பொகைபோட்டுக் காயவச்ச நம்ம மாசி!" அண்ணன் ஆமாம் என்றார். உங்க முகத்தில் என்ன பெருமை!

அப்புறம் மார்த்தாண்டம், தக்கலை, திருவனந்தபுரம். நாலு கடையிலும் அதே விரல், அதே தட்டு. நாலிலும் சொன்னேன். அந்தத் தைரியத்தில்தான் தையல் வகுப்பில் சேர்ந்தேன். பஸ்ஸில் நானே டிக்கெட் கேட்டேன். அஞ்சாவது வடசேரி என்று பேசி வைத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் நீங்க போய்விட்டீங்க.

அன்றைக்குக் கரையில் நல்ல சூரை வந்திருந்தது. நீங்க "ஒரு தரம்" என்றீங்க, "ரெண்டு தரம்" என்றீங்க, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டீங்க. எல்லாரும் காத்து நின்றார்கள். மற்ற ஏலக்காரர்கள் ஒன்று ரெண்டு மூன்று என்று ஒரே மூச்சில் முடிப்பார்கள். நீங்க மட்டும் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நிறுத்துவீங்க. "மூணு சொல்லும், ஐஸ் உருகுது" என்று யாராவது கத்தினால், "பின்னால நிக்கவன் ஒருத்தன் வாய் தொறக்கப் பாக்கான், பொறுங்கடே" என்பீங்க. அதனால் அன்றைக்கும் பொறுத்தார்கள். யாருக்கு இவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். உங்க பக்கத்தில் நின்ற சேவியர் மாமா அழுதுகொண்டே சொன்னார், "பெரிய வெல வரப்போவுதுன்னுல்லா மக்கா நெனச்சோம்."

வேறு எந்த ஏலக்காரர் அப்படி உட்கார்ந்திருந்தாலும் உடனே ஓடி வந்து தூக்கியிருப்பார்கள் இல்லையா அப்பா?

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் தனியாக பஸ் ஏறி வடசேரிக்குப் போனேன். அங்கேதான் அந்த "என்னது?"

வெளியே வந்தவள் எங்கே போவதென்று தெரியாமல் வேப்பமூடுவரை நடந்தேன். வெயில் நல்ல வெயில். முதல் கடை அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அப்பா எங்க மக்கா? வண்டி நிறுத்துதாரா?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நான் சொல்வதற்காக நின்றார். அந்த நிற்பை அப்போதுதான் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில் யார் அப்படி நிற்பார்கள்?

அப்பா இறந்துபோனார் என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான் கேட்டேன். என் வாழ்க்கையில் வெளியாளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "நீங்க ஏன் என்கிட்ட என்னதுன்னு கேக்க மாட்டீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு அவர் சொல்லவே இல்லியா?"

நாம் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமையே வந்தீங்களாம். மீன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மடித்துக் கட்டிய கைலியோடு, உள்ளே இருந்தவர்கள் மூக்கைப் பொத்தப் பொத்த வந்தீங்களாம். "நாளைக்கு எனக்க மவளைக் கூட்டிட்டு வருவேன். மெள்ளத்தான் பேசுவா. என்ன என்னன்னு கேக்கப்பிடாது. அவ சொல்லித் தீருதவரைக்கும் நிக்கணும், கேட்டியா?" மார்த்தாண்டத்துக் கடைக்காரர் இவருக்குக் கூட்டுக்காரராம், பழைய சினேகிதர். அங்கேயும் முந்தின நாள் அதேதானாம். "நாங்க ரெண்டுபேரும் போன்ல பேசிச் சிரிச்சிருக்கோம்" என்றார்.

"சிரிச்சீங்களா?"

"ஒன்னைப் பாத்து இல்ல மக்கா. அவரை. அண்ணைக்கு ஒரு கிண்ணம் வாங்கினாரு. மாசின்னு அப்பவே கண்டுபிடிச்சாரு. பாதிய அப்பிடியே வச்சுட்டு, 'இதையெல்லாம் எப்பிடிடே தின்னுதீய'ன்னு கேட்டுட்டுப் போனாரு. மறுநாள் ஒன் முன்னால புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி கத்தினாரே, நான் உள்ள போய் நின்னு சிரிச்சேன்."

உங்களுக்கு ராமென் பிடிக்காதா? நாலு கிண்ணத்தையும் வழித்துக் குடித்தீங்களே! வீட்டில் ஒரு ரகசியமும் தங்காத உங்க வாயில் இது மட்டும் எப்படித் தங்கியது?

எனக்குக் கோபம் வந்தது அப்பா. இந்தக் கடிதத்தில் பொய் எழுத மாட்டேன். அந்தக் கடையில் உட்கார்ந்து உங்கமேல் கோபப்பட்டேன். நாலு கடையிலும் நான் பேசினேன் என்று நினைத்திருந்தேன். நான் பேசவே இல்லையா? நீங்க போய்க் கேட்டு வாங்கிவைத்த அமைதிக்குள் நான் முணுமுணுத்தது மட்டும்தானா? தையல் டீச்சர்? பஸ் கண்டக்டர்? கடவுளே, கண்டக்டரிடமும் போய்ச் சொல்லி வைத்தீங்களா?

வடசேரிக் கடைக்கு மட்டும் உங்களால் போக முடியவில்லை. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

இங்கே விசேஷம் என்று சொல்ல அதிகம் இல்லை. உங்க கல்லறைக்கு மயிலாடியில் கல்லுக்குச் சொல்லியிருக்கிறது. கரையில் இப்போது சேவியர் மாமாதான் ஏலம் விடுகிறார். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் அவர் நிறுத்துவதில்லை. இனி யாரும் நிறுத்தக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். அம்மா சனிக்கிழமை ஆனால் இன்னும் உங்க ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தேய்த்து வைக்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. இனி எனக்காக யாரும் முன்னால் போய்ச் சொல்லி வைக்க வேண்டாம். அம்மாவையும் விடமாட்டேன். கேட்காதவர்களிடம் இன்னொரு தரம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அண்ணன் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வழியே வடசேரிக்குத் திரும்ப நடந்தேன்.

அந்த அக்கா அதே இடத்தில் நின்றாள். "ஓடிப்போன ஆளுல்லா நீ?" என்றாள். இயர்போனைக் கழற்றவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். "என்னது?" என்றாள். மேசையில் ஒரு விரலால் தட்டினேன்.

மறுபடி சொன்னேன். "கேக்கல்ல." இன்னொரு தட்டுத் தட்டினேன். விரல் அந்தரத்தில் நின்றது.

அப்புறம், உள்ளே நின்றவர் மிக்ஸியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன்.

"மீன் ராமென். ஒண்ணு."

உங்க மெள்ளப் பேசும் மகள்,
ஜெனி