வாழைநாரில் கட்டிய அரிசி

திருப்பதி,
11 அக்டோபர் 1998

அன்புள்ள சுகிர்,

உன் அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் ஷீலாவும் நலம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடிதத்தில் தேதி போட மறந்துவிட்டாய். உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இரண்டாயிரமாம் வருஷத்தைச் சரிசெய்து கொடுக்கிறவன், தன் அம்மாவுக்கு எழுதும்போது இன்றைக்கு என்ன தேதி என்று போட வேண்டாமா?

சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கென்று நீ சபைக்கு அனுப்பும் தசமபாகம் வந்து சேர்ந்தது. பாஸ்டர் ஐயா ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார். கொடுத்ததை மைக்கில் சொல்வது எனக்குப் பிடிக்காது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் அப்படி வளர்க்கவில்லை. ஆனாலும் முன் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அம்மாதானே.

அதையொட்டி ஒரு முடிவும் வந்திருக்கிறது. உன்னைப்போல வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளின் காணிக்கை ஒழுங்காக வருவதால், ஜனவரியிலிருந்து பிடி அரிசி எடுப்பதை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் தீர்மானித்திருக்கிறார்கள். உனக்கு நினைவிருக்கும். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் முகப்பில் இருக்கும் டிரம்மில் கொட்டுவோமே, அதுதான். பெண்கள் ஹாஸ்டலுக்கு இனி மூட்டையாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம், டிரம்மால் வண்டும் எலியும்தான் மிச்சம் என்கிறார் பொருளாளர். மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் நானும் சரி என்று தலையாட்டினேன். ஆராதனை முடிந்ததும் குனிந்து அந்த அரிசியைப் புடைத்துக் கட்டுவது என் முழங்காலுக்கும் ஒத்துவரவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு விசித்திரம். யார் வீட்டு அரிசி எது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். நம் சபையில் பாதிப்பேர் சோனா மசூரி. மீதிப்பேர் ரேஷன் அரிசி, அதை ஒளித்துக்கொண்டு வந்து கொட்டுவார்கள். சில வாரங்களாக டிரம்மின் அடியில் ஒரு சின்னத் துணிப்பை கிடக்கிறது. உள்ளே தடித்த புழுங்கலரிசி, பிச்சாட்டூர்ப் பக்கத்து வயலில் விளையும் குண்டரிசி. நம் ஆட்களில் அதைச் சமைப்பவர் யாருமில்லை. அதுவும் வெறும் கைப்பிடி அளவில்லை, ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவு, பல வேளைக்கு. கோயில் கதவு திறக்குமுன்பே வந்துவிடுகிறது.

பையின் வாயை வாழைநாரால் கட்டியிருக்கிறது. பூக்கட்டும் கைதான் என்று முடிவுசெய்து, பீடத்துக்குப் பூ வைக்கும் பிரேமலதாவை மெதுவாகக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. 'எங்க வீட்டுல குண்டரிசி துன்றவங்க மாதிரியா தெரியுது?' என்றாள். இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை. கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

பிரியமுள்ள அம்மா,
மனோரமா

*

திருப்பதி,
8 நவம்பர் 1998

அன்புள்ள சுகிர்,

தேதி போட்டு எழுதியிருந்தாய். சந்தோஷம். கிறிஸ்மஸுக்கு லீவு கிடையாது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைக் கடைசியில் பேசுகிறேன்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். இன்று விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய், முகப்பில் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் முனிகிருஷ்ணன், அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்தான். பூக்கூடையோடு ஒருத்தி வந்தாள். கோயிலுக்கு எதிர்மூலையில் பூ விற்பாளே, அம்சவேணி. நெற்றியில் குங்குமம், முந்தானைக்குள் பை. என்னைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவள்போல நின்றுவிட்டாள்.

இது யாருக்கு என்று கேட்டேன். 'எங்க நளினி பங்கும்மா' என்றாள். நளினி அவள் மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. 'ஒல வெச்சா இன்னும் அவளுக்கும் சேத்துத்தான் கை அளக்குதும்மா. அத ஆக்கி நாங்களே துன்னவும் மனசு வரல. எடுத்துத் தனியா வெச்சிக்கினு வந்தேன்' என்றாள்.

அதை ஏன் எங்கள் டிரம்மில் போடுகிறாள் என்று கேட்டேன். அவள் சொன்ன காரணத்தைக் கேள். ஞாயிறுதோறும் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டம்மா பையோடு போகிறாள், அமெரிக்காவுக்கு அனுப்பிய நானும் பையோடு போகிறேன். போன பிள்ளைகளின் பங்கைத்தான் நாங்கள் சாமிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். 'உங்க பையில இருக்கறது அமெரிக்கா தம்பி பங்குதானம்மா?' என்று என்னையே கேட்டாள்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. இது போனவர்கள் பங்கு இல்லை, நாங்கள் சாப்பிடுவதில் முதல் பிடி கடவுளுக்கு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரிம்மா, அப்பறம் அத யாரு துன்றாங்க?' என்றாள். ஹாஸ்டல் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கிப் படிக்கிறவர்கள் என்றேன். 'அப்ப அதுங்களும் அம்மாவ வுட்டுட்டு வந்ததுங்கதானே? அங்க என் பொண்ணு தட்டுல எவளோ ஒருத்தி சோறு வெக்கிறா. இங்க நான் எவ பொண்ணுக்காவது வெக்கவேணாமா?' என்றாள்.

திருத்துவதை விட்டுவிட்டு டிரம்மின் பக்கம் கைகாட்டினேன்.

அதன் பக்கம் போகும்போது தயங்கி நின்று, 'நாங்க மலையப்பசாமியக் கும்பிடற வூடு. எங்க அரிசி இங்க செல்லுமாம்மா?' என்று கேட்டாள். அரிசிக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, கொட்டிவிட்டுப் போ என்றேன். சிரித்துவிட்டாள். ஜனவரியில் அந்த டிரம் இருக்காது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயாவிடம் போனேன், டிரம்மை எடுக்க வேண்டாம் என்று சொல்ல. அவருக்குக் குழப்பம். 'உங்க மகன் கொடுக்கிறதாலதானே நிறுத்துறோம், நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா?' என்றார். பக்கத்திலிருந்த பொருளாளர், 'அமெரிக்கா அம்மாவுக்கு எலி மேல இரக்கம் வந்துடுச்சு' என்று கேலி செய்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் ஹார்மோனியத்தின் பக்கம் போய்விட்டார். அம்சவேணியின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் மைக்கில் வாசிப்பார்கள். கடைசியில் பாஸ்டர் ஐயா, சுகிர் தம்பியே ஒரு வார்த்தை எழுதினால் டிசம்பர் கூட்டத்தில் மறுபடி பேசலாம் என்றார்.

ஆகையால் எழுது. என் பணம் வேண்டுமானால் டிரம் இருக்கட்டும் என்று எழுதாதே. கொடுத்த பிறகு அது உன் பணம் இல்லை. உன் தசமபாகம் ஹாஸ்டலுக்குக் கூரை போடட்டும், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கட்டும். ஆனால் உன் செக் வந்ததால் இன்னொருத்தியின் கை சும்மா இருக்கும்படி ஆகக்கூடாது என்று எழுது. தெளிவாக, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்குள் வந்து சேர வேண்டும்.

இனி லீவு விஷயம். புரிகிறது. வருஷம் சரியாகத் திரும்பினால்தான் ஏரோப்ளேன் பறக்கும், பாங்க் திறக்கும் என்கிறாய். நான் குறை சொல்லவில்லை. உன்னை ரேணிகுண்டாவில் ரயிலேற்றிய அன்று கூடவே போன ஆண்டவர், நீ திரும்பும் நாளிலும் கூடவே வருவார்.

இன்று வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். எனக்கு ஒருத்திக்கு என்ன அளவோ, அதைப் பழக்கத்தில் கை தானாக எடுத்துவிடும். பிறகு ஒரு பிடியோடு நிறுத்தாமல், ஆழாக்கு முழுக்க அளந்து தனியாக வைத்தேன். நீ சின்ன வயதிலிருந்தே அரைவயிற்றோடு எழுந்ததில்லை. இனி ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். நீ வந்து சாப்பிட உட்காரும் அன்று அந்த ஆழாக்கு உலைக்குப் போய்விடும், சபைக்குக் குறையும். குறைந்தால் குறையட்டும், பாஸ்டர் ஐயாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வரவுக்காக ஜெபிக்கும்,
அம்மா