பேருந்தில் நான் தாத்தாவான கதை

அஸ்தானா, ஜனவரி 19

நம் ஆட்டுப்பட்டியின் பேரரசி குல்சிராவுக்கு, செரிக்பாய் பணிந்து எழுதுவது.

முறைப்படி முதலில் ஆடுகள் நலமா, குதிரை நலமா? அப்புறம் நீ நலமா? நான் மலைபோல் இருக்கிறேன்.

இங்கே குளிர் கொஞ்சம்தான். என் நிழல் தரையோடு உறைந்து, கூட வர மறுக்கிறது. பிய்த்து இழுத்துக்கொண்டு போகிறேன்.

நேற்று வேலைக்குப் போக ஒரு மணி நேரம் நின்று பேருந்தில் ஏறினேன். ஏறியதும் மூன்று பேர் துள்ளி எழுந்தார்கள். "தாத்தா, இங்க உக்காருங்க" என்றாள் ஒரு பெண். எனக்கு நாற்பத்தெட்டு வயதுதானே! மீசையும் புருவமும் பனி படிந்து வெளுத்திருந்தது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கால் மரத்திருந்ததால், முனகியபடி உட்கார்ந்து அவளுக்கு ஆசியும் வழங்கினேன்.

உள்ளே இருந்த சூட்டில் மீசை உருகிக் கறுத்தது. கண்டக்டர் அம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன தாத்தா, ரெண்டு ஸ்டாப்புல இருபது வயசு குறைஞ்சுபோச்சு? இறங்குறதுக்குள்ள தொட்டில் கட்டணும் போல."

பேருந்தே சிரித்தது. நான் எழப்போனேன். அவள் என் காதோரம் உற்றுப் பார்த்து, மெதுவாக, "உக்காருங்கண்ணே. இந்த வெள்ளை உருகல" என்றாள்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இடதுகாலுக்குச் சற்றுப் பெரிதாகப் பின்னு, குளிரில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நீ பிடித்துக் காயவைத்த தயிர் உருண்டையும் அனுப்பு. கடை உருண்டையில் விரல் தடம் இல்லை.

பேருந்துக்கு நேரமாகிறது. மார்ச்சில் நம் வசந்தப் புத்தாண்டுக்கு வருவேன். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்துவிடாதே. கொஞ்சம் நகர்ந்து உட்கார், போதும்.

உன் செரிக்பாய்