சத்தம் கேட்டால் ஓடும் மீன்

காரின் முன்பெட்டியில் உன் கறுப்புக் கண்ணாடி கிடந்தது. கனடாவில், ஸ்ரௌவ்வில் வீதிப் பனியில் வெயில் பட்டுக் கண் கூச, எடுத்துப் போட்டுக்கொண்டேன். காதுப் பக்கத்தில் உப்பு ஒட்டியிருக்கிறது. பஹாமாஸ் உப்பு. கழுவ மனமில்லை.

விமானநிலையத்தில் ஒன்றாகப் பெட்டி தூக்கும் வேலை செய்தவர்கள் நாங்கள். ஊழியருக்குக் கிடைக்கும் மலிவு விமான ரிக்கெற்றில் மற்றவர்கள் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போக, நீ என்னை பஹாமாஸுக்கு மீன்பிடிக்க இழுத்துப்போனாய். முழங்காலளவு தண்ணீர், அடியில் மணல் தெரியும். எங்களைக் கூட்டிப்போகும் கைட் படகின் பின்னால் நின்று, நீளத் தடியை ஊன்றி ஊன்றிச் சத்தமில்லாமல் நகர்த்துவார். போன்ஃபிஷ் என்ற அந்த வெள்ளி மீன் நிழல் பட்டாலே ஓடிவிடும். பிடித்ததும் திரும்பத் தண்ணீரில் விடவேண்டும் என்று அவர் சொன்னபோது உனக்குப் பொறுக்கவில்லை.

"பிடிச்சுப்போட்டு விடுறதோ? உவருக்கென்ன விசரே?"

உண்மையான சிக்கல் உன் வாய்தான். பெட்டிகள் ஓடும் பெல்ற்றின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். மீனின் வால் தெரிந்தால் போதும், "எடியேய், அங்கை பாரடி!" என்று துள்ளுவாய். படகு அதிரும், மீன் போய்விடும். ஒருமுறை துவாயால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாய். அதற்குள்ளாலும் கத்தினாய். கைட் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாசியும் போய் ஒவ்வொரு மாசியும் வெறுங்கையோடு வந்தோம். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் குரல் இறங்கிப் போயிருந்தது. அதிலும் பகிடி.

"நீ வாயில்லாப் பூச்சி, உனக்குக் கட்டாயம் பிடிபடும். ஆனா பிடிச்சவுடன எனக்கும் சேர்த்து ஒருக்காக் கத்தோணும், விளங்குதே?"

ஓம் என்றேன். பிள்ளைகளைக்கூட அதட்டிக் கூப்பிடாதவள் நான். எப்படிக் கத்தப்போகிறேன் என்று பயமாகத்தான் இருந்தது.

நீ போனபிறகு, இந்த மாசியில் தனியாகப் போனேன். அதே கைட். படகில் நீ வழக்கமாக இருக்கும் வெறும் பலகையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். வெயில் ஏறியபின் தடியை நிறுத்தி இடப்பக்கம் காட்டினார். உன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு வால். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூண்டிலை எறிந்தேன். மீன் திரும்பியது, குனிந்தது, கவ்வியது! நூல் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. நான் இழுக்க அது ஓட, அது களைக்க நான் இழுக்க, கை விறைத்துப்போனது. கடைசியில் படகோரம் தண்ணீருக்குள் என் இரண்டு கைகளிலும் கிடந்தது, குளிர்ந்து மினுங்கிக்கொண்டு.

இனிக் கத்தலாம் என்றார் கைட்.

கத்தினேனடி! "எடியேய், இஞ்சை பாரடி!" அடிவயிற்றிலிருந்து, உன்னை மாதிரியே. திரும்பத் திரும்பக் கத்தினேன். தூர நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. அந்தப் பக்கத்து மீனெல்லாம் ஓடியிருக்கும், ஓடட்டும். கைட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த அருமந்த மீனைத் தண்ணீரில் விட்டேன். விசர்தான், நீ சொன்னது சரி.

விமானநிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த மகள் பயந்துபோனாள். "அம்மா, உங்கட வொய்ஸுக்கு என்ன நடந்தது?"

"மீன் பிடிச்சனான்" என்றேன்.

தொண்டைக்கு மல்லித்தண்ணி அவித்துத் தந்திருக்கிறாள். குடிக்கவில்லை, ஆறிப்போய் இருக்கிறது. இந்தக் கரகரப்பு இப்போதைக்குப் போகவேண்டாம். கொஞ்சநாள் உன் குரலோடேயே திரிகிறேன்.