ஓர் ஆளுக்கு எதற்கு அடுப்பு

ஜூன் 10, செவ்வாய்

புது வேலை வந்திருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிரஸ்ட். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஆண்களுக்குச் சனிக்கிழமைதோறும் சமையல் வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு வருடம் முடிந்துவிட்டது. பணம் கொடுத்த கம்பெனிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்களா? ஆம் என்றால் அடுத்த வருடமும் பணம் வரும். இல்லை என்றால் வகுப்பை மூட வேண்டியதுதான். போய்ப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும். அந்த வெளியாள் நான்.

டிரஸ்டை நடத்தும் சாராள் மேடம், "மெர்வின் சார், நீங்க சமைப்பீங்களா?" என்று கேட்டார். காபி நன்றாகப் போடுவேன் என்றேன். சிரித்தார். கேம்ப் ரோடு மெஸ்ஸில் என் தலையைப் பார்த்ததுமே ஒரு மினி மீல்ஸ் கட்டிவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

மாடம்பாக்கம். ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சமையல்கூடத்தில் வகுப்பு. அறுபது தாண்டிய ஆண்கள் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு புளியின் அளவுக்காகச் சண்டை போடுகிறார்கள். கதிரேசன், முன்னாள் பேங்க் மேனேஜர், பீன்ஸை ஒரே அளவாக நறுக்கி அடுக்கி வைக்கிறார். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த சவுரிமுத்து, "இன்னா சார், பீன்ஸா அது, டிராஃப்டா?" என்று அவரை ஓட்டுகிறார்.

வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்று டிரஸ்டின் குறிப்பில் இருந்தது. சமைத்ததை இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வரை ஒருவரும் கிளம்பவில்லை. இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஜூன் 19, வியாழன்

திட்டம் இதுதான். வகுப்பை முடித்தவர்கள் ஒரு பக்கம். பெயர் கொடுத்தும் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் பொழிச்சலூர்க்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் மதிய நேரத்தில் போக வேண்டும். வாயால் சொல்வதை நம்பாதே, அடுப்பைப் பார் என்பது என் கட்சி. முந்தின நாளே போன் பண்ணி அனுமதி வாங்குவது மரியாதை.

முதல் வீடு சவுரிமுத்துவுடையது. நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்குப் போன வீட்டில் சாப்பிடுவது முறையில்லை என்றேன்.

"ரூல்ஸ் கெடக்குது சார். வூட்டுக்கு வந்துட்டு சோறு துன்னாம போவீங்களா?"

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "வீட்டில் சமைக்கிறார்: ஆம்" என்று டிக் அடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜென்சி மெல்போர்னிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் மகளின் பிரசவத்துக்கு இரண்டு வருடம் முன்பு போனவள். குழந்தை இப்போது ஓடுகிறது. இவள் இன்னும் வரவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால்கூட சமாதானம் என்று ஒன்று வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. சாம்பார், பீன்ஸ் பொரியல்."

யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

எல்லா வீடும் முடிந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டில் எல்லாம் அடுப்பு எரிந்தது. பொழிச்சலூரில் எனக்கு பிரியாணி பொட்டலமும் பஜ்ஜியும் வாங்கி வைத்திருந்தார்கள். அட்டவணையைப் பார்க்கவே அழகாக இருக்கிறது. இந்தத் தொழிலில் இப்படிப் பளிச்சென்று வித்தியாசம் வந்து நான் பார்த்ததே இல்லை.

சாராள் மேடத்துக்கு போனில் சொன்னேன். "அப்ப அடுத்த வருஷமும் உண்டு" என்றார். எனக்கு பேண்ட் இறுக்குகிறது. இந்த இரண்டு வாரமாக நான் சாப்பிட்டது போல இரண்டு வருடமாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நேற்று அறிக்கைக்காக போட்டோ எடுக்கப் போன இடத்தில், சவுரிமுத்து வீட்டில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டேன். இன்று மதியம் அந்தப் பக்கம் போனபோது எடுத்துக்கொள்ளலாம் என்று போன் பண்ணாமல் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து ரஸ்க்கை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பழைய நியூஸ்பேப்பரை விரித்து மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"இன்னா சார், ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல. இரு, ஒல வெக்கிறேன்."

வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தினமும் இதுதானா என்று கேட்டேன்.

"ஓராளுக்கு இன்னாத்துக்கு சார் அடுப்பு? யாராச்சும் வந்தா பத்த வெப்பேன்."

"யார் வருவாங்க?"

"நீங்க வந்தீங்கல்ல."

எனக்கும் ஒரு ரஸ்க் கேட்டேன். கண்ணாடியை எடுக்க மறந்து பாதி வழி வந்து திரும்பிப் போனேன்.

ஜூலை 5, சனி

நான் பார்த்தது அவர்களின் சாப்பாட்டை இல்லை, விருந்தை. விருந்தாளி நான்தான். இத்தனை வருஷமா இதே பொழப்பு — நாளைக்கு வரேன்னு போன் பண்ணிட்டுப் போனா எந்த வீட்லதான் சமைக்க மாட்டாங்க? இதுகூடத் தெரியலையா எனக்கு?

ஜூலை 16, புதன்

எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். இந்த முறை வீட்டுக்குப் போகவில்லை. வெவ்வேறு நாளில், சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போன் பண்ணினேன். "சமைப்பீர்களா?" என்று கேட்கவில்லை. "இப்போ தட்டுல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

பன். பிஸ்கட். நேற்றைய இட்லி. கதிரேசன், "ஹோட்டல் தயிர் சாதம் சார். பாதிதான் சாப்பிட முடியுது" என்றார். பொழிச்சலூரிலும் அதே கதை; ஏர்போர்ட் பக்கம் என்பதால், நடுவில் விமானம் போகும்போது மட்டும் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டோம்.

வகுப்புக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை, சனிக்கிழமை தவிர. ஒரே ஒரு விதிவிலக்கு: செம்பாக்கத்தில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர். மாற்றி மாற்றி ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார்கள். அந்த இரண்டு வீட்டில் மட்டும் தினமும் அடுப்பு எரிகிறது.

ஜூலை 25, வெள்ளி

சாராள் மேடத்திடம் சொன்னேன். இரண்டு அட்டவணையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முதல் டேபிளும் நீங்க கண்ணால பார்த்ததுதானே சார். அதை மட்டும் போட்டா அது பொய் ஆயிடுமா?"

கெட்டவர் இல்லை. அந்த மண்டபத்தில் நாலு மணி வரை உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காகத்தான் கேட்கிறார். முதல் அட்டவணையைப் போட்டால் சவுரிமுத்துவுக்குச் சனிக்கிழமை மிஞ்சும். இரண்டாவதைப் போட்டால் அதுவும் போகும். பெரிய பேஜார்.

யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வருடமும் அந்த ரஸ்க்குக்கு வெற்றி என்றுதான் பெயர் இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். இரண்டு அட்டவணையும் இருக்கிறது, என் தவறும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: "இவர்களுக்குச் சமைக்கத் தெரிந்துவிட்டது. தனக்கு மட்டும் என்றால் யாரும் சமைப்பதில்லை. ஆள் வந்தால் சமைக்கிறார்கள். எனவே வகுப்பை நிறுத்த வேண்டாம். மண்டபத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதாக மாற்றுங்கள்."

இரவு மெஸ் பார்சல். சாம்பார் புளித்திருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கம்பெனி பணத்தை நிறுத்திவிட்டது. கடைசிப் பக்கம் வரை படித்தார்களா என்பது சந்தேகம். சாராள் மேடம் ஒரு வரியில் செய்தி அனுப்பியிருந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 23, சனி

காரணமே இல்லாமல் மாடம்பாக்கம் போனேன். சமையல்கூடம் பூட்டியிருந்தது. கோயில் பஸ் ஸ்டாப்பில் கதிரேசன் துணிப்பையுடன் நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் வந்திருப்பார்.

"நல்லா எழுதினீங்க சார்" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். எந்த அர்த்தத்தில் சொன்னார்?

சவுரிமுத்து போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஜென்சி. சாப்ட்டீங்களா. ஆச்சு.

செப்டம்பர் 11, வியாழன்

மதியம் காலிங் பெல். மெஸ் பையன் என்று நினைத்துத் திறந்தால் சவுரிமுத்து நிற்கிறார். கையில் பை, அதில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"போன் பண்ணாம வந்துட்டேன் சார். உங்க ரூல்ஸ்தான்."

நேராகச் சமையலறைக்குப் போனார். என் அடுப்பின் மேல் பேப்பர்க் கட்டு, அதன் மேல் காபி போடும் கெட்டில். பேப்பர் மேல் இருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்க வேண்டும் போல இருந்தது.

"உங்கள எந்தப் பக்கம் சேத்தீங்க சார்? எங்களோடவா, பொழிச்சலூர் ஆளுங்களோடவா?"

எந்தப் பக்கமும் இல்லை என்றேன்.

பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார். அடுப்பைத் துடைத்தார். என்னை வெங்காயம் உரிக்கச் சொன்னார். மண்டபம் மூடின அன்று எல்லோருக்கும் சாராள் மேடம் என் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாராம். அன்றைக்கு என் மேல் எல்லோருக்கும் கோபம்தான், தனக்கு ரொம்பவே என்றார். அப்புறம் ஒருநாள் கதிரேசன் சொல்லாமல் கொள்ளாமல் இவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"அப்டியே புடிச்சிக்கிச்சு சார். யார் வேணா யார் வூட்டுக்கு வேணா போலாம், போன் மட்டும் பண்ணக்கூடாது. அதான் டீலு. இதுல இன்னா பேஜார்னா, எவன் என்னிக்கு வருவான்னு தெரியாது பாரு. தெனமும் ஒல வெச்சிகினு கீறேன்."

முருங்கைக்காய் சாம்பார். சாதம் என் பொறுப்பு, குழைந்துவிட்டது. ஆனாலும் அவர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "உங்க வூட்டு அட்ரஸை எல்லார்கிட்டயும் குடுத்துட்டேன் சார்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் அரிசி, பருப்பு, புளி வாங்கினேன். மெஸ்ஸுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கு உலை வைத்தேன். இரண்டு மணி வரை பார்த்தேன், யாரும் வரவில்லை. சாதம் இன்றைக்குப் பரவாயில்லை. சாப்பிட்டேன்.