செண்பகத்தோப்பில் நழுவிய ஜாக்கி வீல்

ஞாயிறு, இரவு

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய சின்ன கேரவனை, இன்று ஜீப்பில் இழுத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனோம். மழை பெய்து மண் பொதபொதவென்று இருந்தது. ஜீப்பைக் கழற்றியதும் கேரவனின் முன்பாரம் முழுவதும், மூக்கைத் தாங்குகிற ஜாக்கி வீலில் இறங்க, அந்த ஒடுக்கமான ரப்பர் சக்கரம் சேற்றில் புதைந்தது. அடியில் பலகை வைக்க அவர் குனிந்தார். சக்கரம் மாட்டிய ஜாக்கிக் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பிலிருந்து நழுவி, கேரவனின் மூக்கு அவர் பாதத்தை ஒட்டித் தரையில் குத்தியது.

"கிளாம்பு துருப்பிடிச்சுக் கெடக்குட்டி, அதான் வழுக்கிட்டு" என்றார்.

துரு இல்லை. போன வாரம்தான் நான் தேய்த்துத் துடைத்து, திருகுக்கு எண்ணெய் விட்டேன். இன்று அதை இறுக்கியது அவர். கொஞ்ச நாளாக டீ டம்ளரைப் பிடித்தாலே அவருக்கு வலது கை நடுங்குகிறது. நான் கவனித்தால் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்.

"ஆமாங்க, பழசுதான" என்றேன்.

சாயங்காலம் இராஜபாளையத்தில் ஒரு கடையில், காற்றடிக்கிற அகலமான டயர் போட்ட ஜாக்கி வீல் பார்த்தோம். ஈரமண்ணில் அவ்வளவு சீக்கிரம் புதையாதாம். கடைக்காரர் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி, "சுத்திப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

அவர் கையை நீட்டவில்லை.

"அவ பாக்கட்டும். இனிமே அவதான சுத்தணும்."

நான் சுற்றிப் பார்த்தேன். கிளாம்பையும் இறுக்கிப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, "நாளைக்கு டாக்டர்ட்ட போவமாங்க?" என்று கேட்டேன்.

ரொம்ப தூரம் வந்த பொறவு, "போவோம்" என்றார்.