நிறம் ஏற்றும் சீரம்

அன்று மாலை பெண் பார்க்க வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கிளம்பிய எஸ்தர், திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்த அம்மாவுக்குச் சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"அம்மா, நெறம் ஏறணும்னு நீ வாங்குன வைட்டமின் சி சீரத்தை ஒளிச்சு வச்சுட்டேன், தேடாத. கொடிக்கு மருந்தடிக்கிற கணக்கா ரெண்டு பங்கு தடவிவிட்ட, கன்னம் தோலுரியுது. இந்தக் கம்பத்துக் காத்துக்கு என் மூஞ்சி ஈரப்பசையைத்தான் கேக்குது. இனி ஹயலூரானிக் ஜெல் மட்டுந்தான். நீயும் தடவு, கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. திராட்சைக்குத்தாம்மா நெறம் ஏறுனா வெலை, எனக்கில்ல. பணியார மாவு உள்ள இருக்கு."

பிறகு அடியில் நெருக்கி எழுதினாள்: "நீ வெளுக்க வச்சு அனுப்புன போட்டோவுக்குப் பதிலா, மாப்பிள்ளை வீட்டுக்கு என் நெசப் போட்டோவை அனுப்பிட்டேன். அதைப் பாத்துட்டும் வாறாகன்னா மட்டும் பணியாரம் ஊத்து."