அவன் பெயரைச் சொன்னபோது

ஈசூன், சிங்கப்பூர்
9 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

எப்போதும் உங்களைப் பிள்ளையின் பெயரோடு ‘அப்பா’ சேர்த்துத்தான் கூப்பிடுவேன். இன்று அதை விட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். கடிதம் என்றால் நீங்கள் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

சொல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று கோபமா? அன்று சாப்பிடும்போது, மோட்டார்சைக்கிள் விபத்தில் போன நம் பையனைப் பற்றி வாய் திறந்தேன். இதயம் தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி கொடுக்க உங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் கருவி அடித்து, தட்டோடு சாய்ந்தீர்கள். அதற்கு முன்பும் அவன் பேச்சில்தான் அப்படி ஆனது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மூளை பதறினா நரம்பு வழியா இதயத்தையும் விரட்டும்மா. நல்ல இதயம் தாங்கிக்கும். இவருக்கு அட்டாக்ல தழும்பு விழுந்திருக்கு. தாளமே தவறிடும்.”

அவனைப் பற்றிப் பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் பிறக்கவே இல்லை என்பதுபோல் இருந்தது வீடு.

மாத்திரையை மறக்காதீர்கள்.

பாக்கியலட்சுமி

புக்கிட் பாஞ்சாங்
16 மார்ச் 2025

அன்பு பாக்கியம்,

கோபம் இல்லை. பக்கத்து வீட்டு நெய்னா முகம்மது தேக்கா சந்தையிலிருந்து இட்லி வாங்கி வந்து தருகிறார். “அண்ணி எப்ப வருவாங்க? போய்க் கூப்பிடுங்க லா” என்று ஒரே நச்சரிப்பு.

மனநல ஆலோசகரிடம் போகிறேன். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று இந்த வயதில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் நீ இல்லாத வீட்டில் மட்டும் என் இதயம் நிம்மதியாகவா துடிக்கிறது? நேற்று அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். அவன் சட்டைகளை நீ இன்னும் இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியாது.

இதோ எழுதுகிறேன். ரஞ்சன். ரஞ்சன். பார், ஒன்றும் ஆகவில்லை. நீ வந்து வாய் நிறையச் சொல். கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்
அங்கமுத்து

ஈசூன்
23 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் பார்த்ததும் துணியை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வருகிறேன் என்று சொல்ல ஸ்டேஷனில் நின்று நெய்னா தம்பிக்குப் போன் செய்தேன். அவருக்குப் பொய் வரவில்லை.

“அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காரு அண்ணி. லெட்டர எழுதி மடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாரு. நெஞ்சுல இருக்கிற கருவி திரும்பத் திரும்ப அடிச்சிருச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது, ‘இத போஸ்ட் பண்ணிடு, அவகிட்ட எதுவும் சொல்லிடாத’ன்னாரு.”

வார்டு வாசல்வரை வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள். திரையில் கோடு சீராக ஓடியது. “ஆன்ட்டி, எழுப்பட்டுமா?” என்றாள் நர்ஸ். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் வரமாட்டேன். அவனைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு உங்களால் உயிரோடு இருக்க முடியாது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. அவனை ரோட்டில் பறிகொடுத்தேன். உங்களை என் வாயால் பறிகொடுக்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுத உட்கார்ந்தால் அவனை நினைப்பீர்கள்.

பாக்கியம்